அளவு சரி

சன்னத்தின் நுனியை நம்பக் கூடாதென்று
முதல் மாதமே தெரிந்துகொண்டேன்.
ஒரே பெட்டியில் வரும் நூறும்
நூறு மூக்கோடு வருகின்றன:
ஒன்று சப்பை, ஒன்றில் பிசிர்,
ஒன்று வழியில் எங்கோ முட்டிக்கொண்டது.
நுனியிலிருந்து அளந்தால்
மூக்கைத்தான் அளக்கிறாய்.
வளைவு முடிந்து உடம்பு தொடங்குகிற இடத்தில்
கண்ணுக்குத் தெரியாத வளையம் ஒன்று உண்டு.
சுரிகுழலின் முதல் வரியை
அதுதான் போய்த் தொடும்.
அங்கே வை கலிப்பரை.

தியத்தலாவை. ஜனவரி.
கழகத்தின் தகரக் கொட்டிலுக்குள்
பனி யாரையும் கேட்டு வருவதில்லை.

போன கிழமை நிலூகாவின் துவக்கு
ஐந்தில் இரண்டைக் கீழே எறிந்தது.
காற்று என்றார்கள். மூச்சு என்றார்கள்.
அவளுடைய விவாகரத்து என்றும் ஒருவர் சொன்னார்.
நான் அச்சைக் கழற்றினேன்.
உள்ளே இருந்த தண்டு
குட்டை மூக்குக்குக் குடைந்தது.
இந்த நீள மூக்கை
நுனியில் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது,
தலையில் குட்டி உட்காரவைக்கும் வாத்தியார் மாதிரி.

பண்டாரவளையில் நான் வேலை செய்யும் பட்டறை.
லேத்தில் பூட்டி, தண்டின் வாயை ஆழமாக்கி,
மினுக்குப் பசை போட்டுத் தேய்த்தேன்,
நுனியை விட்டுத் தோளில் பிடிக்கும்வரை.
என்ன பாகம் அது, முதலாளி கேட்டார்.
தையல் மெஷினுக்கு, என்றேன்.
துவக்கு என்ற சொல்லை
என் பெயரை வைத்துக்கொண்டு சொன்னால்
அது வேறு சொல்.

இன்று ஐம்பது.
கோதின் கழுத்துக்குள் கரி துடைத்து,
நெம்புகோலை ஒரே வேகத்தில் இறக்கி,
அடியில் ஒரு மூச்சு நிறுத்தி,
அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி.
ஐம்பத்தாறு தசம் நாலு இரண்டு.
ஐம்பத்தாறு தசம் நாலு இரண்டு.
ஐம்பத்தாறு தசம் நாலு மூன்று.
திருகை மயிரிழை இறக்கு. மறுபடி.
நாலு இரண்டு.

முப்பத்தேழாவது
வழுக்கிக்கொண்டு இறங்கியது,
பழகிய செருப்புக்குள் கால் போவதுபோல.
அளந்தேன். நாலு இரண்டு.
துடைத்து அளந்தேன். நாலு இரண்டு.
கலிப்பரை மூடி, பூச்சியம் பார்த்து, திறந்தேன்.
நாலு இரண்டு.
"ஹரினே," என்றாள் நிலூகா, கையுறை மாட்டியபடி.
சரிதானே.

கூடையை இறக்கும்போதே
எடை சொல்லிவிடுவாள் என் அம்மா செவனம்மா.
பதினெட்டு.
மடுவத்துத் தராசு பதினாறு என்னும்.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.
அவள் கழுத்து பொய் சொல்லி
நான் ஒருநாளும் கண்டதில்லை.
அந்த ஆத்திரத்தில்தான்
பொய் சொல்லாத கருவி தேடிப் போனேன்.
பூச்சியம் பார்க்காமல்
மாத்திரைகூட எண்ணுவதில்லை நான்.

இப்போது என் கையில் இருக்கும் கருவி
மெய்தான் சொல்கிறது.
ஆழம் சரி. ஆழம் மட்டும் சரி.
எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது கழுத்து என்பதற்கு
அதனிடம் எண் இல்லை.

பனி கொஞ்சம் விலக
பைன் மரங்களுக்குக் கீழே
முந்நூறு மீற்றரில் வெள்ளையாய் ஒரு சதுரம்.
நாற்பத்தொன்பதை எண்ணி எடுத்துக்கொண்டு
போய்விட்டாள் நிலூகா.
மிச்சத்தைக் கேட்டாள்தான். கொடுக்கவில்லை.

சார்ஜன்ட் விமலதாசவின் பதிவேட்டில்
ஒவ்வொரு ரவைக்கும் காரணம் வேண்டும்.
"பழுதா?"
இல்லை.
"அப்படியென்றால் நல்லதா?"
இல்லை.
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி
என்னையும் அந்தப் பித்தளையையும் பார்த்தார்.
நானே வாங்கி எழுதினேன், தமிழில்:
அளவு சரி. கை ஒப்பவில்லை.
அதற்குப் பக்கத்தில் அவர் ஒரு கேள்விக்குறி போட்டு
டின்னைப் பூட்டினார்.

முதல் வெடி கேட்டது.
மலை அதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது,
இரண்டாவது
கொஞ்சம் பிந்தி.